பலகாரக் கொட்டகையில் மயங்கி விழும் பெண்கள்: முதலில் எதைச் சரிசெய்வது?

கேள்வி: காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பலகாரத் தொழில் நடத்துகிறேன். கைமுறுக்கு, சீப்புச் சீடை, மணகோலம், அதிரசம் என்று 14 பெண்கள் செய்து தருகிறார்கள். வீட்டில் இடம் போதாமல் தகரக் கொட்டகைக்கு மாறினோம். விறகு அடுப்புதான். வைகாசியில் கல்யாண ஆர்டர் குவியும் நேரத்தில் யாராவது ஒருவர் மயங்கி விழுகிறார். இடுப்பு வலி, நீர்க்கடுப்பு என்று அடிக்கடி லீவும் எடுக்கிறார்கள். மருத்துவ முகாம் நடத்திச் சத்து மாத்திரை கொடுத்து, யோகா வகுப்பும் வைக்கலாமா, டாக்டர்?

பதில்: முகாம் நடத்துங்கள், தவறில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், கோளாறு அந்தப் பெண்களின் உடம்பில் இல்லை, கொட்டகையில் இருக்கிறது. அதைத் தொடாமல் மாத்திரை கொடுத்தால் அடுத்த வைகாசியிலும் இதே கடிதத்தை எழுதுவீர்கள்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் விசேஷத்துக்குப் பலகாரம் சுடும்போது, பின்கட்டில் வானம் தெரியும் முற்றத்தை ஒட்டி அடுப்பு மூட்டுவார்கள். சூடும் புகையும் மேலே போய்விடும். தகரக் கூரைக்கடியில் அவை போக வழியில்லை. கூரையும் தன் பங்குக்கு வெயிலைக் கீழே இறக்குகிறது. அடுப்புகளுக்கு நேர் மேலே கூரையைத் திறந்து, மழை படாதபடி சற்று உயரத்தில் இன்னொரு தகடு வையுங்கள். புகைபோக்கி கட்டுங்கள். கூரையின் வெளிப்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே உள்ளே வித்தியாசம் தெரியும். மின்விசிறியை மட்டும் நம்பாதீர்கள். காற்று 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் அது உடம்பைக் குளிர்விக்காது, சூடேற்றும். சூட்டை வெளியே இழுக்கும் விசிறிதான் தேவை. எண்ணெய்ச் சட்டி வேலையை விடியற்காலையில் தொடங்கிப் பதினொரு மணிக்குள் முடித்துவிட்டு, மாவு சலிப்பது, பொட்டலம் போடுவதைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். அடுப்படியில் நிற்பவர் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது கால் லிட்டர் அளவு, குடிக்க வேண்டும். பானையில் தண்ணீர் இருந்தும் குடிக்க மாட்டார்கள். ஏன் தெரியுமா? கழிப்பறை. இதைப் பெண்கள் உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அது எங்கே இருக்கிறது, உள்ளே தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, சரக்கு ஏற்ற வரும் ஆண்களும் அதையே பயன்படுத்துகிறார்களா என்று நீங்களே போய்ப் பாருங்கள். காலையில் வந்ததிலிருந்து வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டிருப்பதும், அதற்காகவே தண்ணீரைத் தவிர்ப்பதும்தான் நீர்க்கடுப்புக்கும் மயக்கத்துக்கும் பெரும்பாலும் காரணம். பெண்களுக்கென்று தனியாக, தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறை கட்டுங்கள். யோகா வகுப்புக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குச் செலவிடச் சொல்வேன்.

கூலி எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கிலோ கணக்கில் என்றால், ஓய்வு நேரம் பெயருக்குத்தான் இருக்கும். எழுந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்குக் காசு நஷ்டம் அல்லவா? கோடையிலாவது நாள் கூலியாக்குங்கள், அல்லது ஓய்வு நேரத்துக்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள். புதிதாக வருபவரை முதல் நாளே முழு நேரமும் அடுப்பில் நிறுத்தாதீர்கள். வெப்பத்துக்கு உடம்பு பழக ஒரு வாரமாவது வேண்டும். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம், பிறகு தினமும் அதே அளவு கூட்டிக்கொண்டு போகலாம்.

இடுப்பு வலிக்கு மருந்தைவிட மேடை பெரிது. தரையில் சம்மணமிட்டுக் குனிந்து முறுக்குச் சுற்றுவதற்குப் பதில், முழங்கை உயரத்துக்கு ஒரு மேடையும் முதுகு சாய்த்துக்கொள்ள நாற்காலியும் போதும். கைமுறுக்குச் சுற்றுபவர்களுக்கு மணிக்கட்டும் கட்டைவிரலும்தான் முதலில் தேயும். ஒருவரையே நாள் முழுதும் சுற்ற விடாமல் வேலையை மாற்றிக் கொடுங்கள்.

எண்ணெய் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். வெப்பத்தில் மயங்கியவர் தெளிவில்லாமல் பேசினால் அது சாதாரண மயக்கம் அல்ல. 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வாயில் எதையும் புகட்டாதீர்கள்.

14 பேர் வேலை செய்வதால் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் பற்றியும் கேட்டுவிடுங்கள். 10 பேர் இருந்தாலே அது பொருந்தும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு நீங்கள் 3.25 சதவீதமும் அவர்கள் 0.75 சதவீதமும் கட்ட வேண்டும். சிகிச்சை கிடைப்பதோடு, உடம்பு முடியாமல் விடுப்பில் இருக்கும் நாட்களுக்கு, ஆண்டுக்கு 91 நாள்வரை, சம்பளத்தில் 70 சதவீதமும் கிடைக்கும். கூலி போய்விடுமே என்று காய்ச்சலோடு எண்ணெய்ச் சட்டி முன் நிற்பது பாதி குறையும்.

மனசு பற்றியும் ஒரு வார்த்தை. குழுக்கடன் வசூலிக்க வருபவர்கள் வேலையிடத்துக்கே வந்து நின்றால், உள்ளே விடாதீர்கள். கடனுக்காக மிரட்டுவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. சக ஊழியர்கள் முன் அவமானப்பட்ட பெண்ணுக்கு அன்று கையும் ஓடாது, தூக்கமும் வராது.

இனி முகாம். ரத்தச் சோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் பாருங்கள். இரும்புச் சத்து மாத்திரையைச் சோகை உள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்னபடி கொடுங்கள், எல்லோருக்கும் பொதுவாக வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கோடைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். உப்புப் போட்ட மோரும் அவர்களுக்கு அளவோடுதான். பரிசோதனை முடிவை அந்தந்தப் பெண்ணின் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். உங்களிடம் தந்தால், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அடுத்த முகாமுக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.