ஒல்லியாகணும்னு மகள் சாப்பாட்டைத் தவிர்க்கிறாள், என்ன செய்வது?

களியக்காவிளைப் பக்கம் 14 வயது மகள், ‘தடிச்சி’ என்ற கேலிக்குப் பயந்து காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டாள் என்கிறீர்கள். பூப்புக்குப் பின் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது வளர்ச்சிதான். 18.5-க்குக் கீழே போனால் எடைக்குறைவு என்னும் பெரியவர்களுக்கான பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடை) கணக்கு இந்த வயதுக்குப் பொருந்தாது. வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணையில்தான் பார்க்கணும்.

காலையில் பட்டினி கிடந்தால் மாலையில் அடக்க முடியாத பசி, அள்ளித் தின்றபின் குற்ற உணர்வு, மறுநாள் மீண்டும் பட்டினி. இதை உடைக்க மூன்று வேளையும் சாப்பாடு வேணும். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் தாராளமாகக் கொடுக்கலாம். வீட்டில் எடை பார்க்காதீர்கள். ‘மெலிஞ்சிட்டியே, அழகா இருக்க’ என்னும் சித்திமார் வாயையும் அடைக்கணும் (அதுதான் கஷ்டம்).

மூன்று மாதம் மாதவிலக்கு வராவிட்டாலோ, சாப்பிட்டதும் குளியலறையில் வாந்தி எடுத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். மயங்கி விழுந்தால் அன்றைக்கே. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.