கேள்வி நேரம்: காலில் வளையம், கையில் குளிர்

கேள்வி: குளிர்காலக் காலையில் காட்டுப் பறவைகளை வலையில் பிடித்து காலில் அடையாள வளையம் மாட்டுகிறார்களே, அவை தாங்குமா?

பதில்: பழகிய கையென்றால் தாங்கும்; பயிற்சியும் உரிமமும் இல்லாதவர் வலையைத் தொடக்கூடாது. பத்து, இருபது கிராம் பறவை ஒரே குளிர் இரவில் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை எரித்துத் தீர்த்துவிடும். விடிந்ததும் அதற்கு இரைதான் முக்கியம். அதனால் கடுங்குளிரில் அவை கொஞ்சம் மேயும்வரை காத்திருந்து வலையை விரிப்பது நல்லது. இரவுக்கான கொழுப்பைச் சேர்க்க நேரம் வேண்டுமே, மாலைக்கு வெகுமுன்பே சுருட்டியும் விட வேண்டும். மழையோ பலத்த காற்றோ இருந்தால் அன்றைக்கு வலையே வேண்டாம். நனைந்த இறகு சூட்டைக் காக்காது. குளிரில் கால் மணிக்கு ஒருமுறையாவது வலையைச் சுற்றிவர வேண்டும்.

கேள்வி: சிக்கிய பறவையை எப்படி எடுப்பது?

பதில்: வலையின் குறுக்குக் கயிறுகளுக்குக் கீழே நூல் தொளதொளவென்று பை போலத் தொங்கும், மோதிய பறவை அதற்குள் விழும். எந்தப் பக்கமிருந்து நுழைந்தது என்று முதலில் பாருங்கள், அந்தப் பக்கமாகத்தான் எடுக்க முடியும். அவசரக்காரர் தடுமாறுவது இங்கேதான். பெரும்பாலும் கால்தான் முதலில். விரலைப் பிடித்து இழுக்காமல், தொடையருகே பிடித்துக்கொண்டு விரல்களிலிருந்து நூலை உருவுங்கள். பிறகு இறக்கை, கடைசியில் தலை. சில பறவைகளின் நாக்கில் பின்னோக்கிய முட்களுக்குப் பின்னால் நூல் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் நாக்கு கிழியும். மழுங்கிய குச்சியால் முள்ளைத் தூக்கி நூலை முன்பக்கமாகக் கழற்ற வேண்டும். சில நிமிடங்களில் தீரவில்லையா, ஒரு நூலை வெட்டிவிடுங்கள். வலை போனால் போகிறது.

எடுத்ததும் உலர்ந்த துணிப்பையில், பைக்கு ஒரு பறவை.

கேள்வி: வளையம் காலை இறுக்காதா?

பதில்: இனத்துக்கு ஏற்ற அளவென்றால் இறுக்காது. காலில் சுழலவும் மேலும்கீழும் நகரவும் வேண்டும், ஆனால் விரல் கணுவில் இறங்கக்கூடாது. துளையிட்ட குறடால் மூடி, வளையத்தைக் கால்வாசிச் சுற்றுத் திருப்பி இன்னொருமுறை அழுத்துங்கள். இரு முனைகளுக்கிடையே இடைவெளி இருந்தால் நார் சிக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் காலைக் கடிக்கும். டென்மார்க்கின் பள்ளி ஆசிரியர் மோர்டென்சென் 1899இல் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா குடும்பத்து ஸ்டார்லிங் பறவைகளுக்கு மாட்டினார். இன்றும் சிறு பறவைகளுக்கு இலேசான உலோகம்தான்.

எண்ணைக் குறித்தபின் இறக்கை நீளம். அடுத்து, கழுத்தடிப் பள்ளத்து இறகை ஊதி விலக்கினால் மெல்லிய தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். கடைசியில் எடை. உப்பிக்கொண்டு கண் சொருகினால் அளவெல்லாம் வேண்டாம். உலர்ந்த பெட்டியில் கதகதப்பாக வைத்து, தெளிந்ததும் விட்டுவிடுங்கள்.