லொறி போலந்துடையது, ஒப்பந்தம் சைப்பிரஸுடையது: காப்புறுதி எந்த நாட்டில்?

கேள்வி: எனக்கு யேர்மன் குடியுரிமை இருக்கிறது. குடும்பத்தோடு டோட்முண்டில் வசிக்கிறேன். போலந்து கம்பனி ஒன்றுக்கு யேர்மனி, பெல்ஜியம், பிரான்ஸ் என்று லொறி ஓடுகிறேன். சைப்பிரஸ் கம்பனியின் பெயரில் ஒப்பந்தத்தை மாற்றினால் கையில் கூடச் சம்பளம் வரும் என்கிறார் ஒரு ஏஜென்ட். என் சமூகக் காப்புறுதி எந்த நாட்டில் இருக்க வேண்டும்?

பதில்: முதலில், அந்தச் சைப்பிரஸ் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு நாட்டுக் காப்புறுதிதான் செல்லும். உங்கள் வேலை நேரத்தில் 25 சதவீதமாவது யேர்மனிக்குள் நடந்தால் காப்புறுதி யேர்மனியில். அதற்குக் குறைந்தால், வேலை தரும் கம்பனி உண்மையில் இயங்கும் நாட்டில். ஓட்டும் நேரத்தோடு சாமான் ஏற்றி இறக்கும் நேரமும் சேரும். லொறியின் நம்பர் பிளேட்டுக்கு இதில் வேலையே இல்லை.

ஏஜென்ட் சொல்லும் வித்தை பழையது. நெதர்லாந்தில் வசித்து, நெதர்லாந்துக் கம்பனிகளுக்கு ஓடிய சாரதிகளுக்குச் சைப்பிரஸ் கம்பனி ஒன்றோடு ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். 2020 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது இதுதான்: உங்களை வேலை வாங்குவது யார், சம்பளச் செலவு யார் தலையில் விழுகிறது, உங்களை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அவர்தான் வேலை தருபவர். தாளில் உள்ள பெயர் அல்ல. அந்தக் 'கூடச் சம்பளம்' பெரும்பாலும் உங்கள் ஓய்வூதியத்துக்குப் போக வேண்டிய காசு. எந்த நாட்டில் காப்புறுதி என்று காட்டும் ஏ1 படிவத்தையும் எடுத்துத் தருகிறேன் என்று ஏஜென்ட் சொல்வார். பொய்த் தகவலில் எடுத்த ஏ1 பின்னாளில் செல்லாமல் போனால், அலைவது நீங்கள், அவர் அல்ல.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், பலர் இதில்தான் பிடிபடுகிறார்கள். மாதம் 160 மணித்தியாலம் ஓடுகிறீர்கள், அதில் யேர்மனிக்குள் 30 மட்டும் என்று வையுங்கள். கால்பங்கு இல்லை, ஆகவே போலந்து. ஆனால் சனி ஞாயிறில் டோட்முண்டில் ஒரு களஞ்சியத்தில் 30 மணித்தியாலம் வேலை செய்தால், மொத்தம் 190, யேர்மனியில் 60. கால்பங்கு தாண்டிவிட்டது. காப்புறுதி யேர்மனிக்கு மாறும், போலந்துக் கம்பனியும் காப்புறுதிப் பணத்தை யேர்மனியில்தான் கட்ட வேண்டும். அதனால் பகுதிநேர வேலையை ஒருநாளும் மறைக்காதீர்கள்.

முடிவு போலந்து என்று வந்தால், வசிக்கும் நாட்டில் வைத்தியம் பெற உதவும் எஸ்1 படிவத்தை அங்கிருந்து கேட்டு வாங்கி, உங்கள் கிராங்கன்காசேயில் (யேர்மன் மருத்துவக் காப்புறுதி நிறுவனத்தில்) கொடுங்கள். நீல ஐரோப்பிய மருத்துவக் காப்புறுதி அட்டை தற்காலிகமாகப் போய் நிற்கும் இடத்துக்குத்தான். குடியிருக்கும் ஊரில் வைத்தியத்துக்கு அதை நம்பி இருக்க முடியாது.

எந்த நாடு என்பதை ஏஜென்ட் தீர்மானிக்க முடியாது. பொன் நகரில் உள்ள டி.வி.கே.ஏ. (வெளிநாட்டு மருத்துவக் காப்புறுதிக்கான யேர்மன் தொடர்பு அலுவலகம்) அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள், வசிக்கும் நாடு என்பதால் முதலில் முடிவு சொல்வது அவர்கள். மற்ற நாடு இரண்டு மாதத்துக்குள் மறுக்காவிட்டால் அது உறுதியாகும். மறுத்தால் இரண்டு அலுவலகங்களும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும், சாரதியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்த அட்டையை நீட்டுவது என்று தெரியாது. சாரதியின் ஒவ்வொரு நிமிடத்தையும் டாக்கோகிராப் என்ற ஓட்டநேரப் பதிவுக் கருவியில் பதிய வைக்கும் ஐரோப்பாவுக்கு இதை வேகமாகத் தீர்க்க முடியவில்லை என்பதை என்னால் ஏற்க முடியாது.

அடுத்த 12 மாத வேலையை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். ஆனாலும் பழைய பதிவு கையில் இருந்தால் பேச்சு சுலபம். வேலைநேரப் பதிவின் பிரதியைக் கம்பனியிடம் இப்போதே கேளுங்கள். கேட்டால் தரவேண்டியது அவர்கள் கடமை, ஆனால் ஐரோப்பிய விதி அதைக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்கத்தான் சொல்கிறது, அதற்குப் பிறகும் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.