பட்டறைப் பக்கம்: பம்பின் மேல் பழி போடாதீர்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய டிராக்டரின் லிப்ட் பற்றியவை. பம்பு தள்ளும் எண்ணெயின் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கும் அமைப்புதான் லிப்ட். எனவே பக்கம் முழுவதும் அதற்கே. வழக்கம்போல் கேட்டவர்களின் பெயர் இல்லை. இயந்திரத்தைக் கெடுத்துக்கொண்டவரின் பெயரைப் போட்டால் அடுத்த கடிதத்தில் அவர் உண்மையை எழுத மாட்டார். அரை உண்மையை வைத்துக்கொண்டு என்னால் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: ஐயா, தாத்தா ஓட்டிய பெர்குசன் டி.இ.20 எட்டு ஆண்டுகளாகக் கொட்டகையில் நின்றது. இப்போது ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். குளிர்ந்திருக்கும்போது லிப்ட் கலப்பையைத் தூக்குகிறது. அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் திணறுகிறது. என்ஜினை நிறுத்தினால் ஒரு நிமிடத்தில் கலப்பை தரைக்கு வந்துவிடுகிறது. அளவுக் கம்பியில் எண்ணெய் பால் நிறத்தில் இருக்கிறது. பம்பை மாற்றிவிடு என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள் தம்பி, இப்போதைக்கு வேண்டாம். 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி அது. அதன் பம்பை அவ்வளவு எளிதில் சாகடிக்க முடியாது. நீங்கள் எழுதிய நான்கு வரிகளிலேயே மூன்று துப்பு இருக்கிறது. குளிரில் தூக்குகிறது, சூட்டில் தூக்கவில்லை என்றால் எங்கோ ஓர் இடுக்கு அகன்றிருக்கிறது. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருந்து அந்த இடுக்கை அடைத்துக்கொள்கிறது. சூடானதும் நீர்த்து நழுவிவிடுகிறது. என்ஜின் நின்றபின் கலப்பை இறங்குவது அதையே வேறு விதமாகச் சொல்கிறது, ஏனென்றால் அப்போது பம்பு சுற்றவே இல்லை. தேங்கிய எண்ணெயைப் பிடித்து வைக்க வேண்டிய ஏதோ ஒன்று விட்டுவிடுகிறது. மூன்றாவது, பால் நிறம். உள்ளே தண்ணீர் போயிருக்கலாம்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். எண்ணெய் வெளுத்திருந்தால் அது தண்ணீராகவும் இருக்கலாம், காற்றுக் குமிழியாகவும் இருக்கலாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து இரவு முழுவதும் வையுங்கள். காற்று என்றால் காலையில் தெளிந்திருக்கும். தண்ணீர் கலந்தது தெளியாது; மிகுதியாக இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். இன்னும் ஐயம் இருந்தால், கண்ணாடி அணிந்துகொண்டு, சூடாக்கிய இரும்புத் தகட்டில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். சுத்தமான எண்ணெய் புகைந்து பரவும். நீர் கலந்தது சடசடவென்று தெறிக்கும். அந்த ஓசையை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார்.

இந்த வண்டியில் கியர், பின் அச்சு, லிப்ட் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். 20 லிட்டருக்கும் மேல் பிடிக்கும். ஆகவே தண்ணீர் புகுந்தது லிப்டின் வழியாகத்தான் என்று நினைக்காதீர்கள். கியர் தண்டின் அடியில் இருக்கும் ரப்பர் உறையை விரலால் விரித்துப் பாருங்கள். பத்தில் எட்டு வண்டிகளில் அங்கே ஒரு வெடிப்பு சிரிக்கும். அதை மாற்றாமல் புது எண்ணெய் ஊற்றினால் அடுத்த மழைக்கு மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

வடிப்பதற்கு முன் வண்டியை இரண்டு நாள் அசைக்காமல் நிறுத்துங்கள். பிறகு அடியிலுள்ள வடிகால் திருகுகளை மெல்லத் தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும். முதலில் துருநிறத் தண்ணீர் சொட்டும். அது நின்று எண்ணெய் வரத் தொடங்கியபின் முழுவதும் திறந்துவிடுங்கள். ஒன்றைத் திறந்துவிட்டுக் கடமை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட திருகுகள் உண்டு. திருகின் முனையில் ஒட்டியிருப்பதை விரலில் தேய்த்துப் பாருங்கள். மை போன்ற சாம்பல் களிம்பு வயதின் அடையாளம், கவலை இல்லை. குத்தும் இரும்புச் சீவலும் பொன்னிற மினுமினுப்பும் வேறு கதை; பல்சக்கரமோ வெண்கலப் புஷ்ஷோ தேய்கிறது என்று பொருள்.

இனி சுத்தம். இருக்கைக்குக் கீழே, நடு உடலின் இரு பக்கமும் மூடிகள் உண்டு. இரண்டையும் கழற்றுங்கள். அடித்தளத்தில் பல்லாண்டுச் சேறு படிந்திருக்கும். தட்டையான மரச் சிம்பால் வழித்தெடுங்கள். பிறகு துணி. எந்தத் துணி என்பதில்தான் என் தலைமுடி நரைத்தது.

எனக்கு அப்போது 19 வயது. ஒரு வண்டியின் உள்ளறையைக் கண்ணாடி போலத் துடைத்து வைத்தேன், காட்டன் வேஸ்டால். மூன்றாம் நாள் லிப்ட் நின்றுவிட்டது. மறுபடி திறந்தபோது, பம்பின் உறிஞ்சு வாயில் இருந்த கம்பி வலையைச் சுற்றி நூல் இழைகள் விளக்குத் திரி போல் முறுக்கிக்கொண்டு கிடந்தன. என் ஆசான் ஒன்றும் பேசவில்லை. அந்தத் திரியைப் பிய்த்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து நூல் பிரியாத, ஓரம் மடித்துத் தைத்த துணிதான். உள்ளே போகும் துணிகளை எண்ணி அனுப்புவேன், எண்ணி வாங்குவேன்.

டீசல் ஊற்றி ஓட்டிக் கழுவலாமே என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டீசலில் தோய்த்த தூரிகையால் கழுவி வடித்துவிடுங்கள், அதோடு நிறுத்துங்கள். கியரும் பம்பும் டீசலிலேயே சுழன்றால் உராய்வைத் தாங்கும் படலம் இருக்காது. அழுக்கு போகும், கூடவே பேரிங்கின் ஆயுளும் போகும்.

கசிவைக் கண்டுபிடிக்கும் வேலை இதற்குப் பிறகுதான். அழுக்குச் சேற்றுக்குள் கசிவு தெரியாது. புது எண்ணெயை வலப்பக்க மூடியின் கீழ் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். மூடி திறந்தே இருக்கட்டும். வண்டியைச் சற்று ஓட விட்டுச் சூடேற்றி, மிதமான எடை ஒன்றைத் தூக்கி, என்ஜினை நிறுத்துங்கள். உள்ளே பி.டி.ஓ. தண்டு (என்ஜின் விசையைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு) சுழலும்போது கையோ துணியோ அருகில் போகக் கூடாது. எல்லாம் நின்றபின் டார்ச் அடித்துப் பாருங்கள். தூக்கிய எடைக்குக் கீழே யாரும் இருக்கக் கூடாது, உங்கள் கால் விரலும்தான்.

மேலே படுத்திருக்கும் சிலிண்டரின் திறந்த வாயிலிருந்து எண்ணெய் வடிந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது அல்லது சிலிண்டர் கீறியிருக்கிறது. பம்பிலிருந்து மேலே ஏறும் குழாயின் இணைப்பில் ஈரம் ஓடினால் அங்கே இருக்கும் சீல் போய்விட்டது. பம்பின் பாதுகாப்பு வால்விலிருந்து பீய்ச்சினால் அதை மட்டும் மாற்றுங்கள். எங்கும் கசிவு தெரியாமல் லிப்ட் கை இறங்கிக்கொண்டே போனால்தான் பம்புக்குள் இருக்கும் வால்வுகளைச் சந்தேகிக்க வேண்டும். பம்புக்கு வரிசையில் கடைசி இடம். அதை வெளியே எடுக்க லிப்ட் மூடியைத் தூக்கி, பி.டி.ஓ. தண்டையும் பின்னே இழுக்க வேண்டும். வேலையின் அளவைப் பார்த்தாலே முதலில் ஏன் தொடக் கூடாது என்று விளங்கும்.

இன்னொரு செய்தி. பெர்குசன் அமைப்பில் கட்டுப்பாட்டு வால்வு பம்பின் உறிஞ்சு பக்கத்தில் இருக்கிறது. நெம்புகோலை நடுவில் வைத்தால் பம்புக்கு எண்ணெயே போகாது. நான்கு பிஸ்டன்களும் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். அந்த வழியில் சிறிது பிசின் படிந்தால் போதும், நெம்புகோலைத் தூக்கினாலும் எண்ணெய் எட்டாது. பம்பு உயிரோடுதான் இருக்கும், பட்டினி கிடக்கும். செத்துவிட்டது என்று என்னிடம் தூக்கி வந்த பம்புகளில் பல இப்படிப்பட்டவை.

லிப்ட் மூடியைத் தூக்க நேர்ந்தால் லிப்ட் கைகளை முழுவதும் இறக்கி, எண்ணெய் அழுத்தத்தை விடுவித்த பிறகே போல்ட்டில் ஸ்பேனர் வையுங்கள். தனியாளாக முயலாதீர்கள், சங்கிலிக் கப்பி கட்டுங்கள். புது ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றும் முன் சிலிண்டருக்குள் தனியே நுழைத்து இரு முனைகளின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். ஓ-ரிங் (ரப்பர் வளையம்) என்றால் எண்ணெய் தடவி, முறுக்கு விழாமல் ஏற்றுங்கள். மூடியை மறுபடி இறக்கும்போது கட்டுப்பாட்டுக் கவட்டை வால்வின் மேல் சரியாக உட்கார்ந்ததா என்று பக்க மூடியின் வழியே ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்காமல் இறுக்கினால் எல்லாம் புதிதாக இருக்கும், லிப்ட் மட்டும் அசையாது.

கேள்வி: என் டி.இ.20 டிராக்டரில் கிளட்சை மிதித்தால் லிப்ட் பாதியில் நின்றுவிடுகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: எதையும் மாற்ற வேண்டாம், அம்மா. அந்த வண்டியில் பம்பைச் சுற்றுவது பி.டி.ஓ. தண்டு, கிளட்சை மிதித்தால் அதுவும் நிற்கும். பி.டி.ஓ. நெம்புகோலைப் போடாவிட்டாலும் லிப்ட் தூக்காது. அதை மறந்துவிட்டு வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தவர்களும் உண்டு. கியரை நடுநிலையில் வைத்து, கிளட்சை விட்டு, தூக்குங்கள்.

கேள்வி: கலப்பை இல்லாதபோது லிப்ட் கைகள் மேலேயே நிற்கின்றன. ஏறி மிதித்து இறக்குகிறேன். சரியா?

பதில்: இந்த லிப்ட் எண்ணெயால் ஏறும், எடையால் இறங்கும். கீழே தள்ளுவதற்கு அதில் எதுவும் இல்லை. வெறும் கை தயங்குவது இயல்பு. எடை மாட்டினால் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் நெடுநாள் நின்றதில் கட்டுப்பாட்டு வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெம்புகோலைப் பலமுறை மேலும் கீழும் ஆட்டுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். மிதிப்பது மட்டும் வேண்டாம். வால்வு திடீரென்று திறந்தால் கையோடு நீங்களும் கீழே போவீர்கள்.

கேள்வி: வெளிக் குழாய் பூட்டிய பழைய டிராக்டர் வைத்திருக்கிறேன். குழாயில் மயிரிழைக் கசிவு, கண்ணுக்குத் தெரியவில்லை. கையால் தடவிக் கண்டுபிடிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. லிப்ட் சுமக்கும்போது உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டு அளவுக்குப் போகலாம். ஊசித் துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் இராது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்துத் தேடுங்கள், எங்கே ஈரக் கோடு விழுகிறதோ அங்கே துளை. தவறித் தோலில் புகுந்திருந்தால் புள்ளி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் எண்ணெய் ஏறியது என்று சொல்லுங்கள். காத்திருந்து பார்க்கிற காயம் இல்லை அது.

கேள்வி: எண்ணெய் குறைந்தபோது கையில் இருந்த பிரேக் எண்ணெயை ஊற்றிவிட்டேன். கெடுதலா?

பதில்: கெடுதல்தான். வழக்கமான பிரேக் எண்ணெய்க்கும் ஹைட்ராலிக்கில் உள்ள நைட்ரைல் ரப்பருக்கும் ஆகாது. ரப்பர் ஊதிப் பிசுபிசுத்துவிடும். இப்போதே முழுவதும் வடித்துவிட்டு, கைப்புத்தகம் சொல்லும் எண்ணெயை ஊற்றுங்கள். மசகு மிகுந்த கியர் எண்ணெய் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். சிலவற்றில் கலக்கும் கந்தகச் சேர்மம் வெண்கலத்தை அரிக்கும்.

கேள்வி: எல்லாம் பூட்டியாயிற்று. சரியாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் எடையில்லாமல் பத்து முறை ஏற்றி இறக்குங்கள், இறங்க மறுத்தால் சிறு எடை மாட்டிக்கொள்ளுங்கள். பிறகு எண்ணெய் அளவைப் பாருங்கள். காலியாக இருந்த சிலிண்டரும் குழாயும் நிறைந்ததில் அளவு குறைந்திருக்கும், நிரப்புங்கள். அடுத்து எடையைத் தூக்கி, என்ஜினை நிறுத்தி, லிப்ட் கையும் உடலும் சந்திக்கும் இடத்தில் குறுக்கே ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே, ஆனால் எட்டி, உட்காருங்கள். கோடு ஒரு விரற்கடை விலகியிருந்தால் அந்த வயதுக்கு மன்னித்துவிடலாம். கண் பார்க்கும்போதே விலகினால் மூடியை மறுபடி திறக்க வேண்டும். எழும் முன் எடையைத் தரையில் இறக்கிவிடுங்கள். கோடு எவ்வளவு விலகியது என்று முதல் கேள்வி கேட்ட தம்பி எனக்கு எழுத வேண்டும்.