பழைய மவுண்டன் பைக் ஃபோர்க்: டேம்பிங் கேள்வி பதில்

கேள்வி: கல்லில் ஏறி இறங்கினால் முன் ஃபோர்க் எகிறிக் கைப்பிடியைத் தூக்கி அடிக்கிறது. ரீபவுண்ட் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

பதில்: பெரும்பாலான ஃபோர்க்குகளில் இறுக்கும் பக்கம். ரீபவுண்ட் என்றால் அமுங்கிய ஃபோர்க் மேலே எழுவது, அந்த ஆட்டத்தை மட்டுப்படுத்துவதுதான் டேம்பிங். ஆனால் உடனே கை வைக்காதீர்கள், முதலில் ஸ்பிரிங் சரியா என்று பாருங்கள். உள்குழாயில் ஒரு கேபிள் டையைக் கட்டி, ஸீல் (குழாய் நுழையும் இடத்திலுள்ள ரப்பர் வளையம்) வரை தள்ளிவிட்டு, ஆட்டாமல் ஏறி உட்கார்ந்து, அப்படியே இறங்குங்கள். 60 மி.மீ. ஓட்டமுள்ள (அதாவது அவ்வளவு தூரம் அமுங்கக்கூடிய) ஃபோர்க் என்றால் டை 12 முதல் 15 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும். அதில் ஆளுக்கு ஆள் கொஞ்சம் ரசனை உண்டு.

அப்புறம் திருகை மெதுவாக முழுதும் மூடுங்கள். எத்தனை கிளிக் வந்தது என்று எண்ணி எழுதி வையுங்கள். மூடிய இடத்தில் பலம் காட்டினால் உள்ளே ஊசி மாதிரி இருக்கும் வால்வு நசுங்கிப்போகும். இப்போது பாதி வரை திறந்து, சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு படி உயரத்திலிருந்து வண்டியை இறக்குங்கள். ஃபோர்க் அமுங்கி, எழுந்து, நின்றுவிட வேண்டும். இரண்டாம் முறையும் ஆடினால் ஒரு கிளிக் இறுக்குங்கள்.

கேள்வி: நான் ரீபவுண்டை நன்றாக இறுக்கித்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் கரடுமுரடான இறக்கத்தில் கை வலிக்கிறது. ஸ்பிரிங்கை இன்னும் இளக்கட்டுமா?

பதில்: வேண்டாம், வலிக்குக் காரணமே அந்த இறுக்கம்தான். அடுத்தடுத்து கல் வரும்போது ஃபோர்க்குக்கு மேலே வர நேரமில்லை. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் அங்கேயே நின்றுவிடுகிறது. நமக்கு அது ‘ஃபோர்க் கெட்டி’ என்று தோன்றும். ஸ்பிரிங்கை இளக்கினால் இன்னும் சீக்கிரம் அமுங்கும். நானும் ஒரு பருவம் முழுக்க இந்தத் தப்பைச் செய்தவன். ரீபவுண்டை இரண்டு கிளிக் திறந்து அதே இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். வேறு எதையும் அன்றைக்குத் தொடாதீர்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது தொண்ணூறுகளின் ராக்‌ஷாக்ஸ் ஜூடி ஃபோர்க். திருகை எங்கே வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் எழுகிறது.

பதில்: கார்ட்ரிட்ஜில் (டேம்பிங் ஆயில் அடைத்த உள்குப்பியில்) ஆயில் போயிருக்கும். அந்த மாடலுக்கே இருந்த பழைய வியாதி இது. கீழ்க்காலைக் கழற்றினால் உள்ளே கிரீஸ் மட்டும்தான் இருக்க வேண்டும். ஆயில் வழிந்தால் அது கார்ட்ரிட்ஜிலிருந்து வந்ததுதான். ஆயில் இல்லாத டேம்பரில் திருகைத் திருப்பி என்ன பயன்? ஸீலை மாற்றுங்கள், இல்லை கார்ட்ரிட்ஜையே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் பழைய மேனிட்டு ஃபோர்க்கில் டேம்பிங் திருகையே காணோமே?

பதில்: ஆரம்பகால மேனிட்டுவில் ஆயிலே கிடையாது. ரப்பர் மாதிரியான எலாஸ்டோமர் துண்டுகளே ஸ்பிரிங், அவையே டேம்பர். மெதுவாகத் தன் வடிவத்துக்குத் திரும்புவது அதன் குணம். குளிரில் கெட்டிப்படும். வயதானால் சில பிசுபிசுவென்று உருகிப்போகும், சில காய்ந்து நொறுங்கும். கெட்டித்தன்மை வேறான துண்டுகளை மாற்றிப் போடுவது ஒன்றே வழி.

கேள்வி: மார்ஸோக்கி பாம்பர் இஸட்1 ஃபோர்க்குக்கு ஆயில் மாற்றப் போகிறேன். எந்த எண்?

பதில்: டப்பாவில் உள்ள ‘வெயிட்’ எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 7.5 இன்னொன்றின் 5-க்குச் சமமாக இருக்கலாம். 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக் (ஆயிலின் தடிமனை அளக்கும் அலகு) என்று பார்த்து ஒப்பிடுங்கள். தடித்த ஆயில் ஊற்றினால் ரீபவுண்டோடு கம்ப்ரஷனும் (ஃபோர்க் அமுங்குவதும்) சேர்ந்தே மந்தமாகும். 1997-இல் வந்த இந்த ஃபோர்க்கில் டேம்பிங்குக்கும் வழவழப்புக்கும் ஒரே ஆயில்தான், அதனால் ஆயில் மட்டமும் முக்கியம். மேலே மிஞ்சும் காற்றும் ஒரு ஸ்பிரிங். ஆயில் கூடினால் காற்றுக்கு இடம் குறையும், கடைசி ஓட்டத்தில் ஃபோர்க் கல்லாகும். ஃபோர்க் முழுதும் அமுங்கி அடி தட்டினால் 5 மி.லி. கூட்டுங்கள், முழு ஓட்டமும் வரவில்லை என்றால் அதே அளவு குறையுங்கள். இரண்டு காலிலும் சமமாக.

கேள்வி: ஸீலுக்குத் துரு நீக்கும் ஸ்ப்ரே அடிக்கலாமா?

பதில்: கூடாது. உள்ளே இருக்கும் கிரீஸைக் கழுவிவிடும். துணியால் துடைத்து, ஃபோர்க் ஆயில் ஒரு சொட்டு போதும்.