காய்ச்சலோடு தனியாகக் கோயில் ஊருக்குப் போகலாமா? நான் காளத்திக்குப் போனேன்

"உடம்பு லேசாகச் சரியில்லை, தனியாகத்தான் போகிறேன், பழைய கோயில் ஊர், போகட்டுமா விட்டுவிடட்டுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். கூட வருவதாகச் சொன்னவர்கள் கடைசி நேரத்தில் கைவிட்டிருப்பார்கள். இந்த நாளை விட்டால் இன்னொரு நாள் வாய்க்காது என்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

எங்கள் ஊர் நகரி, ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிறது. காளத்திக்கு, அதாவது ஸ்ரீகாளஹஸ்திக்கு, எத்தனையோ தடவை போயிருக்கிறேன், எல்லாம் குடும்பத்தோடு. செருப்புக்குக் காவல் இருப்பது, பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுப்பது, ராகு கேது பூஜை டிக்கெட்டுக்கு நிற்பது என்றே பொழுது போய்விடும். கல்யாணமாகி 22 வருடத்தில் எனக்கென்று ஒரு நாள் கிடைத்தது போன பங்குனியில்தான். முந்தின ராத்திரியே தொண்டை கட்டிவிட்டது. காலையில் மூக்கு இரண்டும் அடைத்து, உடம்பு கதகதவென்று இருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு திருப்பதி போய், அங்கே காளத்தி பஸ் ஏறிவிட்டேன். "நாலு பேருக்கு ஒட்ட வைக்கவா போனாய்" என்று கேட்க ஆள் இருக்கும், தெரியும். கோயிலை விட்டு வெளியே வரும்வரை முகக்கவசத்தைக் கழற்றவில்லை, யாரையும் ஒட்டி நிற்கவும் இல்லை. கொதிக்கிற காய்ச்சலாக இருந்தால் நானே போயிருக்க மாட்டேன், நீங்களும் போகாதீர்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கால் நகரவில்லை. ராஜகோபுரத்துக்கு எதிரே ஒரு கடையோரம் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கோபுரத்தை நான் நிமிர்ந்து முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். கிருஷ்ணதேவராயர் 1516இல் கட்டிய பழைய கோபுரம் 2010 மே 26இல் இடிந்து விழுந்தது. டிவியில் அந்தப் புழுதியைப் பார்த்துவிட்டு எங்கள் மாமனார் அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். இப்போது நிற்பது அதே இடத்தில் புதிதாகக் கட்டி 2017இல் கும்பாபிஷேகம் செய்தது. கல் இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது.

உள்ளே போனதும் கல்தரை குளிர்ச்சிக்கு உடம்பு கொஞ்சம் அடங்கியது. பாதாள விநாயகர் சந்நிதிக்கு நான் இறங்கவில்லை. தரைக்குக் கீழே குறுகலான படி, மூக்கடைப்போடு அங்கே போனால் மூச்சு முட்டும். மேலே நின்றே கும்பிட்டேன்.

மூலவர் முன்னால் வந்தபோது நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். காளத்தி பஞ்சபூதத் தலங்களில் வாயுவுக்கு உரியது. வெளிக்காற்று புகாத கருவறையில் மற்ற விளக்குகள் அசையாமல் நிற்கும்போது, ஒரு சுடர் மட்டும் துடித்துக்கொண்டே இருக்கும். சின்ன வயதிலிருந்து எல்லாரும் காட்டிக் காட்டி எனக்கு அது பழகிப்போன விஷயம். அன்றைக்கு வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறேன், அந்தச் சுடர் சாய்கிறது, நிமிர்கிறது, மறுபடி சாய்கிறது. என் மூச்சும் அதோடு போய் வந்தது. அழுதுவிட்டேன். ஜலதோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

கண்ணப்பர் மலை ஏறவில்லை. பொன்முகலி ஆற்றில் அந்த மாதம் வெறும் மணல்தான், கரையோடு நின்று பார்த்தேன். அவ்வளவுதான் அன்றைய சுற்றல். அது போதுமாகவும் இருந்தது.

கஷ்டம் அதற்கப்புறம்தான். மதியம் காய்ச்சல் ஏறியது. மூன்று மணி நேரம் படுத்து எழுந்தால் சாயங்கால பஸ் பிடித்துவிடலாம் என்று ஒரு லாட்ஜில் கேட்டேன். "வெண்ட எவரு வச்சாரு?" என்றார் அங்கே இருந்தவர். கூட யாரும் வரவில்லை என்றதும், "ஒண்டரிகா வஸ்தே ரூம் இவ்வம்" என்றார், தனியாக வந்தால் ரூம் தர மாட்டார்களாம். ஆதாரைக் காட்டினேன், வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்தேன். ம்ஹூம். அடுத்த லாட்ஜிலும் அதே பதில். தனியாக வருபவர் உள்ளே போய் ஏதாவது செய்துகொண்டால் என்ன செய்வது என்ற பயமாம். நாற்பத்தைந்து வயசுப் பெண் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கட்டில் கேட்டால் இதுதான் பதிலா? இன்னும் வயிறு எரிகிறது. ஆகவே நீங்கள் தங்குவதாக இருந்தால், தனியாளுக்கு அறை உண்டா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியில் பூக்கடைக்கார அம்மா ஒருவர்தான், "ஜ்வரமா அம்மா, இக்கட கூர்ச்சோ" என்று, உட்காரச் சொல்லித் தன் சாக்கை உதறிப் போட்டார். சாப்பாட்டுத் தூக்கிலிருந்து மிளகு சாற்றை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். அடியில் மிளகுத்தூள் கருப்பாகத் தங்கியிருந்தது, அதையும் வழித்துக் குடித்தேன். வெயில் தாழும்வரை அந்தச் சாக்கிலேயே சாய்ந்திருந்தேன்.

இதைப் படித்துவிட்டு, ஆந்திராக்காரிக்கு இவ்வளவு தமிழா என்று வழக்கம்போல யாராவது கேட்பீர்கள். 1960இல் எல்லையை மாற்றியபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, எங்கள் ஊர் ஆந்திராப் பக்கமே நின்றுவிட்டது. வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ். தரிசன வரிசையில் சென்னையிலிருந்து வந்தவர்கள் என் ஊரைக் கேட்டுவிட்டு, "உங்களுக்குத் தமிழ் புரியுமா" என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது அப்பா. என் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அந்த வருத்தம் எனக்கு நிறையவே உண்டு. சரி, அது வேறு கதை.

காளத்தி பார்த்தால் வேறு எங்கும் போகாமல் நேரே வீட்டுக்குப் போக வேண்டும் என்பார்கள். அப்படியே வந்துவிட்டேன். இரண்டு நாள் படுத்திருந்தேன், மூன்றாம் நாள் சரியாகிவிட்டது.

நீங்கள் போவது எந்த ஊர் என்று எழுதவில்லையே. காளத்தி என்றால் கேளுங்கள், மதியத்தில் எந்தப் பக்கம் நிழல் விழும், வெந்நீர் எங்கே கிடைக்கும் என்று சொல்கிறேன்.