கண் டெஸ்ட்டில் அடிக்கும் லைட்டால் பார்வை கெட்டுப்போகுமா?

அம்மாவுக்கு சுகர் இருப்பதால் வருஷா வருஷம் மருந்து விட்டு, லைட் அடித்து விழித்திரையைப் பார்க்கிறார்கள், அந்த வெளிச்சமே கண்ணைக் கெடுத்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடுக்காது. பாளையங்கோட்டைப் பக்கம் 11 வருஷமாகக் கண் டெஸ்ட் எடுக்கிற வேலையில் இருக்கிறேன். வாரம் ஒருவராவது இதைக் கேட்டுவிடுவார்.

முக்கூடலில் இருந்து ஒரு ஆச்சி வந்திருந்தார். பீடி சுற்றித் தேய்ந்த விரல்கள். விழித்திரையைப் படம் எடுக்கும் கேமராவில் ஃப்ளாஷ் விழுந்ததுமே தாடையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "ஏ ஐயா, சூரியனையே உள்ள விட்டுட்டியே, ஒம் மூஞ்சி தெரியலையே" என்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊதாவும் சிவப்புமாக ஒரு வட்டம் கூடவே வந்ததாம். கண்ணை மூடி உட்காரச் சொன்னேன். டீ குடித்து முடிப்பதற்குள் வட்டம் போய்விட்டது. அந்த ஃப்ளாஷ் ஒரு நொடியில் சிறு துணுக்குதான் எரியும். விழித்திரையில் ஒளியை வாங்கும் நிறமி கொஞ்ச நேரம் வெளுத்துப்போகிறது, சில நிமிஷத்தில் திரும்ப ஊறிவிடுகிறது.

வெளிச்சத்தால் கண்ணுக்குக் கெடுதலே வராது என்று சொல்ல மாட்டேன். எவ்வளவு பிரகாசம், எவ்வளவு நேரம், இரண்டும் சேர்ந்ததுதான் கணக்கு. நீல ஒளி கூடுதலாகப் படுத்தும். இதற்காகவே ஐ.எஸ்.ஓ 15004-2 என்ற சர்வதேசத் தரம் கண் கருவிகளின் ஒளிக்கு வரம்பு வைத்திருக்கிறது. மீதி, கருவியைப் பிடித்திருப்பவர் கையில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்லிட் லேம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் விளக்குக் கருவியின் வெளிச்சத்தை ஒரு பெரியவர் கண்ணிலேயே நிறுத்திவிட்டு நான் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்து சீனியர், "ஏல, லைட்ட அமத்திட்டு எழுதுல!" என்று போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கைக்குழந்தைகளுக்கும், லென்ஸ் வைக்காமல் புரையை மட்டும் எடுத்துச் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட அந்தக் காலத்து ஆள்களுக்கும் இன்னும் கவனம் வேண்டும். கண்ணின் சொந்த லென்ஸ் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும். இவர்களுக்கு அந்த வடிகட்டி ஒன்று முற்றவில்லை, இல்லையென்றால் இல்லவே இல்லை. மற்றபடி யாருக்குக் கூசினாலும் வாய்விட்டுச் சொல்லலாம். திருகைக் குறைக்க ஒரு விநாடி போதும்.

நான் பயப்படுவது டெஸ்ட் ரூமுக்கு வெளியே அடிக்கிற வெயிலுக்கு. மருந்து விட்டு விரிந்த கண்பாவை, அதாவது வெளிச்சம் நுழையும் நடுக் கருந்துளை, குறுக்களவில் 2 மில்லிமீட்டரில் இருந்து 8 ஆனால், உள்ளே நுழையும் வெளிச்சம் 16 மடங்கு. வெயிலில் நின்றாலும் அது சுருங்காது. எங்கள் பெரியப்பா சொல்பேச்சு கேட்காமல் மருந்து விட்ட கண்ணோடு திருநெல்வேலி ஜங்ஷனுக்கு பைக்கை எடுத்தார். கொக்கிரகுளத்தில் ஆற்றுத் தண்ணீரின் பளபளப்பு கண்ணில் அடிக்க, முன்னால் இருந்த வேகத்தடை தெரியவில்லை. முழங்கையில் ஏழு தையல்.

பாவையை விரிக்க வழக்கமாக விடும் டிராபிகமைடு சொட்டு மருந்தின் வேகம் இறங்க நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும், சிலருக்குக் கூடவும் ஆகலாம். பிள்ளைகளுக்கு அட்ரோபின் என்ற சொட்டு மருந்து விட்டால் ஒரு வாரத்துக்கு மேலேயே கூசும். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வீட்டுக்கு வந்தபின் கண் சிவந்து, தலையோடு சேர்த்து வலித்து, வாந்தி வந்தால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது கண்ணழுத்தம் திடீரென ஏறியதாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் உடனே காட்டியாக வேண்டும்.

அம்மாவோடு யாராவது துணைக்குப் போங்கள். கூலிங் கிளாஸ் இல்லாவிட்டால் குடை போதும். முக்கூடல் ஆச்சி இரண்டுமே கொண்டுவரவில்லை. முந்தானையைக் கண்புருவம் வரைக்கும் இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு, பேத்தி தோளைப் பிடித்தபடி பஸ் ஏறினார்.